புழு என்று ஒரு கூட்டம் இல்லை

தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் பொகவந்தலாவையில் மண் காய்வதே இல்லை. கெசல்கமு ஓயா கலங்கி ஓடும். கொட்டியாகலை, கெம்பியன் பக்கத்து மலைகளில் கானெல்லாம் தண்ணீர் நிற்கும். அந்த நாட்களில் தேயிலைக்கு முள்ளுக் குத்துகிறவரோ, லயத்துக்குப் பின்னால் போஞ்சிக்கும் கோவாவுக்கும் பாத்தி கட்டுகிறவரோ மண்ணைப் புரட்டினால் ஏதாவது ஒன்று நெளிந்துகொண்டு வெளியே வரும். நீளமாக, ஈரமாக, காலில்லாமல். சின்னதாக இருந்தால் புழு என்று விட்டுவிடுவார்கள். பெரிதாக இருந்தால் பாம்பு என்று மண்வெட்டியைத் திருப்பி ஒரே போடு.

அப்படி வெளியே வருகிறவை எல்லாம் ஒரே சாதி சனம் அல்ல. மலையகத்து மண்ணில் நெளியும் உயிர்களை ஒரு தட்டில் போட்டு வைத்தால், விலங்கு இராச்சியத்தின் ஐந்து பெரும் கணங்கள் அதில் இருக்கும். இலங்கைப் பாடப்புத்தகம் கணம் என்பதைத் தமிழ்நாட்டுப் புத்தகம் தொகுதி என்கிறது. இரண்டும் ஒன்றுதான்: உடலின் அடிப்படை அமைப்பாலும் வம்சத்தாலும் ஒன்றான விலங்குகளின் மிகப் பெரிய கூட்டம். மனிதனும் தவளையும் சுறாவும் ஒரே கணம். பட்டாம்பூச்சியும் நண்டும் தேளும் ஒரே கணம். ஆனால் மண்புழுவும், தேயிலை வேரைத் துளைக்கும் நூற்புழுவும், ஈரக் கல்லுக்கு அடியில் வழுக்கிப் போகும் தட்டைப்புழுவும் வெவ்வேறு கணங்கள். மண்புழுவுக்கும் நூற்புழுவுக்கும் உள்ள தூரம், மண்புழுவுக்கும் நத்தைக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். பார்வைக்கு நம்ப முடியாததுதான். ஆனால் உருவத்தை நம்பி உறவு சொல்லக்கூடாது என்பதை விலங்கியல் இருநூறு ஆண்டுகளாகப் பட்டுப் பட்டுத்தான் கற்றிருக்கிறது.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758ல் தன் ‘சிஸ்டமா நாத்துரே’ நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது விலங்குகளுக்கு ஆறே ஆறு வகுப்புகள்தான் வைத்தார். முலையூட்டிகள், பறவைகள், ஈரூடகவாழிகள், மீன்கள், பூச்சிகள், புழுக்கள். பாம்பும் பல்லியும் ஆமையும் தவளையோடு ஈரூடகவாழிகளில் போயின. முதல் ஐந்தில் அடங்காத எல்லாம் கடைசி வகுப்பில் விழுந்தன. மண்புழு, அட்டை, நத்தை, சிப்பி, நட்சத்திர மீன், ஜெலிமீன் எல்லாம் அவருக்குப் புழுக்களே. மண்டையோடுள்ள, மீன்களுக்கு நெருங்கிய ஹாக்மீனையும் அவர் அங்கேதான் வைத்தார். அந்தக் காலத்தில் அவருக்கு இருந்த ஆதாரம் வெளித்தோற்றமும் பதப்படுத்திய சில உடல்களும்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உலகத்தின் உயிர்களை எல்லாம் ஒரே முறையில் பெயரிட்டு அடுக்கலாம் என்ற துணிச்சலே அவரிடமிருந்து வந்ததுதான். ஆனால் ‘புழுக்கள்’ என்ற அந்தப் பையை அவிழ்த்துப் பிரித்து முடிக்கவே அடுத்த தலைமுறைகள் பாடுபட்டன. அந்த வேலையில் கணிசமான பங்கு இலங்கை மண்ணில் நடந்தது.

தட்டைப்புழுவில் தொடங்கலாம், ஏனென்றால் அமைப்பில் அதுதான் எளியது. மழை விட்ட காலையில் கான் ஓரத்தில், வாழைச் சருகுக்கு அடியில், கல்லுக்குக் கீழே பார்த்தால் கிடைக்கும். தலை மட்டும் பிறை வடிவில் விரிந்திருக்கும். முதுகில் பெரும்பாலும் நீளக் கோடுகள். பைப்பாலியம் என்ற சாதி. நெளிந்து போகாது, சளிப்பாதை போட்டு வழுக்கிப் போகும். உடலில் வளையம் எதுவும் இருக்காது. இந்த ஒரு அடையாளமே மண்புழுவிலிருந்து அதைப் பிரித்துவிடும்.

1871 டிசம்பரில் முழுச் சூரிய கிரகணம் பார்க்க இலங்கைக்கு வந்த ஆங்கிலேயக் குழுவில் ஹென்றி மோஸ்லி என்ற இளம் விலங்கியலாளர் இருந்தார். வானத்தைப் பார்க்க வந்தவர் மண்ணைப் புரட்டித் தட்டைப்புழுக்களைச் சேகரித்தார். இலங்கையின் நிலவாழ் தட்டைப்புழுக்களின் உடற்கூற்றை அவர் எழுதிய கட்டுரை 1874ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அந்த உடற்கூறு விசித்திரமானது. தலை இருக்கிறது, வாய் தலையில் இல்லை. வயிற்றின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து தொண்டையை வெளியே நீட்டி இரையின் மேல் பரப்பி, அதைக் கரைத்து உறிஞ்சும். மலவாய் கிடையாது, சாப்பிட்டது போன வழியாகவே கழிவும் வரும். இரத்த ஓட்டம் இல்லை. குடலுக்கும் தோலுக்கும் நடுவே மற்ற பெரிய விலங்குகளுக்கு இருக்கிற உடற்குழியும் இல்லை. அந்த இடம் முழுவதும் திசு நிரம்பியிருக்கும். உடல் தட்டையாக இருப்பதற்கே இதுதான் காரணம். ஒட்சிசனைச் சுமந்து செல்ல இரத்தம் இல்லாததால் உள்ளே இருக்கும் எந்தக் கலமும் தோலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கக்கூடாது. பிளாற்றிஹெல்மின்தெஸ் என்ற கணத்தின் இலக்கணம் இதுதான். மாட்டின் ஈரலில் இருக்கும் ஈரல்புழுவும், மனிதக் குடலில் மீற்றர் கணக்கில் வளரும் நாடாப்புழுவும் இதே கணம்.

பைப்பாலியத்தின் இரை பெரும்பாலும் மண்புழு. தன்னைவிடப் பெரிய மண்புழுவையும் விடாது. பேத்தை மீனில் உள்ள டெட்ரோடொக்சின் என்ற நரம்பு நஞ்சு இதன் இரண்டு இனங்களில் இருப்பதை 2014ல் கண்டுபிடித்தார்கள். தரையில் வாழும் முள்ளந்தண்டிலிகளில் அந்த நஞ்சைக் கண்டது அதுவே முதல் முறை.

மண்புழுவுக்கு வருவோம். மலையகத்தில் ஒரு மண்புழு இருக்கிறது. நீலம் பளபளக்கும் உடல், ஒரு முழத்துக்கும் மேல் நீளும். இலங்கையில் இராணுவ மருத்துவராக இருந்த அயர்லாந்துக்காரர் ரொபர்ட் டெம்பிள்டன் 1844ல் இதை விவரித்து மெகாஸ்கோலெக்ஸ் சேருலியஸ் என்று பெயரிட்டார். அந்தச் சாதிப் பெயரிலிருந்துதான் மெகாஸ்கோலெசிடே என்ற குடும்பப் பெயரே வந்தது. அவுஸ்திரேலியாவின் இராட்சத மண்புழு வரைக்கும் அந்தப் பெயருக்குள் அடங்குகிறது. உலகத்தின் மிகப் பெரிய மண்புழுக் குடும்பங்களில் ஒன்றுக்கு இந்த மலைகளின் புழு பெயர் கொடுத்திருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? எந்தத் தோட்டப் பாடசாலையின் சுவரிலும் அதன் படத்தை நான் கண்டதில்லை.

மண்புழுவைக் கையில் வைத்துப் பாருங்கள். உடல் முழுவதும் வளையங்கள். ஒவ்வொரு வளையமும் உள்ளே ஒரு தனி அறை. நடுவில் சுவர் இருக்கும். அறைக்குள் திரவம். ஒவ்வொரு அறைக்கும் தன் நரம்பு முடிச்சு, தன் கழிவுக் குழாய். வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலால் மெல்லத் தடவினால் சொரசொரப்புத் தெரியும். அது சிலிர்முட்கள். ஐரோப்பிய மண்புழுவுக்கு ஒரு வளையத்துக்கு எட்டுத்தான். நம் மெகாஸ்கோலெக்ஸுக்கு வளையத்தைச் சுற்றி வரிசையாக நிறைய இருக்கும். இந்த முட்களை மண்ணில் ஊன்றித்தான் அது முன்னே இழுபடுகிறது. உடல் சுவரில் குறுக்குத் தசையும் உண்டு, நெடுக்குத் தசையும் உண்டு. ஒன்று சுருங்கினால் புழு மெலிந்து நீளும், மற்றது சுருங்கினால் தடித்துக் குறுகும். மண்புழு நகரும்போது அந்த நீட்டமும் குறுக்கமும் அலை அலையாகப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அறை அறையாகப் பிரிந்த, திரவம் நிரம்பிய இந்த உடல்தான் அனெலிடா கணத்தின் அடையாளம்.

அதே கணத்தில்தான் அட்டையும் இருக்கிறது. கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு அட்டையைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. படங்கைக் கட்டிக்கொண்டு ஈரத் தேயிலைக்குள் நுழைந்தால் காலில், இடுப்பில், கழுத்தில்கூட ஏறிவிடும். சவர்க்காரம் தடவுவார்கள், உப்பும் சுண்ணாம்பும் வைப்பார்கள். இந்த அட்டையின் பெயர் ஹீமாடிப்சா சைலானிக்கா. பெயரிலேயே இலங்கை இருக்கிறது. ஐந்து சோடிக் கண்கள், தோலை மூன்று கோடாகக் கீறும் மூன்று தாடைகள், இரத்தம் உறையாமல் தடுக்கும் உமிழ்நீர். அட்டை போன பிறகும் காயத்தில் இரத்தம் நிற்காமல் கசிவது அந்த உமிழ்நீரால்தான். உடலில் நிறைய வளையங்கள் தெரியும். ஆனால் உள்ளே உண்மையான துண்டங்கள் 34தான். குட்டி அட்டைக்கும் அதே எண்ணிக்கை, இரத்தம் குடித்து ஊதிய கிழ அட்டைக்கும் அதே எண்ணிக்கை. பின்பக்க உறிஞ்சி, கடைசி ஏழு துண்டங்கள் ஒன்றாய் ஒட்டி உருவானது.

முன்பெல்லாம் மண்புழு ஒரு வகுப்பு, அட்டை ஒரு வகுப்பு என்று பிரித்துப் படித்தோம். டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அது நிற்கவில்லை. மண்புழு வம்சத்தின் ஒரு கிளையே அட்டைகள். சிலிர்முள்ளை இழந்து, உறிஞ்சியைப் பெற்று, மண் தின்பதை விட்டு இரத்தம் குடிக்கப் போன மண்புழு என்று அட்டையைச் சொன்னால் அது மிகையல்ல.

இனிக் கண்ணுக்குத் தெரியாத புழு. மலை உயர உயர, சில இடங்களில் தேயிலைச் செடி காரணமில்லாமல் வாடி, மஞ்சளித்து, கவ்வாத்துக்குப் பிறகு துளிர்க்காமல் போகும். வேரைப் பிடுங்கி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒரு மில்லிமீற்றரைக்கூட எட்டாத நூற்புழுக்கள் வேருக்குள் கிடக்கும். பிராட்டிலெங்கஸ் லூசி என்று பெயர். டச்சு விலங்கியலாளர் லூஃப் 1960ல் இதை விவரித்தார். இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தில் நூற்புழுக்களை ஆராய்ந்த லூஸ் என்பவரின் பெயரை அதற்கு வைத்தார். 1925ல் தொடங்கிய அந்த நிறுவகம் பொகவந்தலாவையிலிருந்து அதிக தூரமில்லாத தலவாக்கலையில் இருக்கிறது. நூற்புழுவின் வாயில் ஊசி ஒன்று உண்டு. அதால் வேரின் கலங்களைக் குத்தி உறிஞ்சிக்கொண்டே உள்ளே நகரும்.

நூற்புழுவின் உடலில் துண்டம் எதுவும் இல்லை. உறுதியான மேல்தோல் மூடிய ஒரு குழாய், உள்ளே அழுத்தத்தோடு திரவம். அதற்கு நெடுக்குத் தசை மட்டுமே உண்டு, குறுக்குத் தசை கிடையாது. அதனால் மண்புழுபோல் நீளவும் குறுகவும் முடியாது. அங்குமிங்குமாகத் துள்ளி வளையத்தான் முடியும். எப்படி நகர்கிறது என்பதைப் பார்த்தே ஓர் உயிர் எந்தக் கணம் என்று ஓரளவு சொல்லிவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நெமற்றோடா கணத்துக்கும் மலையகத் தமிழருக்கும் உள்ள உறவு தேயிலை வேரோடு நிற்கவில்லை. கொக்கிப்புழுவும் இதே கணம். செருப்பில்லாத காலோடு, மலசலகூடம் இல்லாத லயங்களில் வாழ வைக்கப்பட்ட மக்களின் இரத்தத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்த புழு அது. ரொக்கஃபெலர் நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவு 1916ல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இதற்கு எதிராக வேலையைத் தொடங்கியபோது, பரிசோதித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தப் புழு இருந்தது. சோகை பிடித்து வெளிறிப்போன தொழிலாளியைச் சோம்பேறி என்று எழுதிய காலம் அது. அவர்கள் சோம்பேறிகள் அல்ல. குடலுக்குள் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, மலசலகூடம் கட்டாமல் இது தீராது என்பதை அந்த இயக்கம் தோட்ட நிர்வாகங்களிடம் மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

மலசலகூடம் ஏன் முக்கியம் என்பதற்கு விடை புழுவின் உடலமைப்பிலேயே இருக்கிறது. நெமற்றோட்டின் மேல்தோல் உறுதியானது. முழுப் புழுவாக வளர வேண்டுமானால் பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது போட வேண்டும். வாழ்நாளில் நான்கு முறை இப்படித் தோலுரிக்கும். கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து, பொரித்து, அந்த ஈர மண்ணிலேயே இரண்டு முறை தோலுரித்த பிறகுதான் அதற்கு மனிதத் தோலைத் துளைக்கிற திறன் வரும். மண்ணில் அந்த நாட்களைக் கழிக்க விடாவிட்டால் அதன் கதை முடிந்தது.

தோலுரித்தல் என்ற இந்த ஒரு செயல் 1990களில் விலங்கு வகைப்பாட்டையே புரட்டிப்போட்டது. அதுவரை மண்புழுவையும் பூச்சியையும் நெருங்கிய உறவினர் என்றே நினைத்திருந்தோம். இரண்டுக்கும் துண்டு துண்டான உடல். பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே 1812லேயே இரண்டையும் ஒரே பிரிவில் வைத்திருந்தார். புத்தகங்கள் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அதையே சொல்லி வந்தன. ஆனால் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகள் 1995லும் 1997லும் வேறு கதை சொல்லின. தோலுரிக்கும் விலங்குகள் எல்லாம் ஒரே வம்சம்: நூற்புழு, பூச்சி, நண்டு, சிலந்தி, மரவட்டை. இதற்கு எக்டிசோசோவா என்று பெயர் வைத்தார்கள். மண்புழுவும் அட்டையும் நத்தையும் தட்டைப்புழுவும் இன்னொரு பெரும் கிளை. நமக்குத் தெரிந்த மருந்து ஒன்றும் இந்த உறவுக்குச் சாட்சி சொல்கிறது. ஐவர்மெக்டின் நெமற்றோடா கணத்து வட்டப்புழுவையும் கொல்லும், பேனையும் சொறிச் சிற்றுண்ணியையும் கொல்லும். நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அந்த மருந்து பிடித்துக்கொள்கிற நரம்புக் கதவு முதல் இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த ஒமுராவுக்கும் கேம்பலுக்கும் 2015ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆத்திரப்போடா கணத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இனங்கள், மூட்டுள்ள கால்கள், கடினமான புறவன்கூடு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவற்றிலும் புழு வேஷம் உண்டு. மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு சோடிக் கால்கள், தொட்டால் சுருண்டுகொள்ளும். தேயிலை இலைகளைச் சேர்த்துக் கட்டி உள்ளே இருந்து தின்னும் ஹோமோனா என்ற அந்துப்பூச்சியின் புழு உண்மையில் புழுவே அல்ல. முன்னால் மூன்று சோடி உண்மைக் கால்கள் இருக்கின்றன, பின்னால் உள்ளவை தசைக் குமிழ்கள். அதை அடக்க 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். இலங்கையின் பூச்சிக் கட்டுப்பாட்டு வரலாற்றில் பெரிய வெற்றி அது. அந்தக் குளவி தன் முட்டையைப் புழுவுக்குள் இடும். பொரித்து வருவதும் காலில்லாத ஒரு புழுதான். புழுவுக்குள் புழு, இரண்டுமே ஆறுகால் பூச்சிகளின் குழந்தைகள்.

நண்டையும் தும்பியையும் ஒரே வரிசையில் வைத்தவர் தொல்காப்பியர். மரபியலில் அவர் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் பிரித்தார். நண்டுக்கும் தும்பிக்கும் நான்கறிவு. அவருடைய அளவுகோல் வேறு, அதில் வம்சம் என்ற எண்ணம் இல்லை. ஆனாலும் பூச்சிகள் நண்டு இறால்களின் வம்சத்துக்குள்ளேயே முளைத்த கிளை என்று இன்றைய மரபணு ஆய்வு சொல்லும்போது அந்த வரிசையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் ஒரே வரிசையில் வைத்த கறையானும் எறும்பும் அவ்வளவு நெருங்கிய உறவல்ல. கறையான் கரப்பானின் வம்சம், எறும்பு குளவியின் வம்சம்.

இவ்வளவும் முள்ளந்தண்டு இல்லாதவை. மலையக மண்ணின் பெரிய அதிசயம் முள்ளந்தண்டோடு புழுவாக வாழ்கிறவைதான்.

ஈரமான பாத்தியில், ஓடையின் கரையில், மாட்டுப்பட்டியின் எருக்குவியலுக்கு அடியில் ஒரு உயிர் கிடைக்கும். விரல் பருமன், ஓர் அடி நீளம், கருநீலச் சாம்பல் நிறம், இரண்டு பக்கமும் நீள மஞ்சள் பட்டை. உடல் முழுவதும் நெருக்கமான வளைய வரிகள். தொட்டால் வழுக்கும். அதன் பெயர் இக்தியோஃபிஸ் குளூட்டினோசஸ். பொதுவாகச் சிசிலியன் என்பார்கள். வளையத்தைப் பார்த்து மண்புழு என்பார்கள், பருமனைப் பார்த்துப் பாம்பு என்பார்கள். லின்னேயஸே 1758ல் இதைப் பாம்புகளோடுதான் வைத்தார்.

கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டுமல்ல என்பது தெரியும். தலையில் தோலுக்கு அடியில் புள்ளி போல இரண்டு கண்கள். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே வெளியே நீண்டு உள்ளே போகும் சிறு உணர்கொம்பு. உலகத்தில் வேறு எந்த முள்ளந்தண்டு விலங்குக்கும் அப்படி ஓர் உறுப்பு இல்லை. வாயைத் திறந்தால் கூரிய பற்கள். தோலில் பாம்பின் செதில் கிடையாது. வளைய மடிப்புகளுக்குள் மட்டும் கண்ணுக்குத் தெரியாத சிறு செதில்கள் புதைந்திருக்கும். இது தவளையின் உறவு, ஈரூடகவாழி. 1831ல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் யொஹான்னஸ் மியூலர், லெய்டன் அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு குட்டியின் கழுத்தில் செவுள் துளையைக் கண்டபோதே அது உறுதியாகிவிட்டது. பாம்புக் குட்டிக்குச் செவுள் துளை இராது.

ஆனால் அது எப்படி வாழ்கிறது, எங்கே முட்டையிடுகிறது என்பதை உலகம் அறிந்தது இலங்கையில்தான். பாசல் நகரத்து உறவினர்கள் பவுல் சரசின், ஃப்ரிட்ஸ் சரசின் இருவரும் 1883ல் இலங்கைக்கு வந்து பேராதனைப் பக்கம் தங்கி மூன்று ஆண்டுகள் ஆய்வு செய்தார்கள். ஓடைக்கரை மண்ணில் பொந்து தோண்டி, முட்டைக் குலையைச் சுற்றித் தாய் சுருண்டு கிடப்பதை அவர்கள் கண்டார்கள். முட்டைக்குள்ளே வளரும் குஞ்சின் கழுத்தில் சிவந்த, இறகு போன்ற செவுள்கள். பொரித்து வந்ததும் குஞ்சு தண்ணீரை நோக்கிப் போகும். அந்தத் தாய் தன் முட்டைகளோடு கிடக்கும் படம் இன்றும் விலங்கியல் நூல்களில் வருகிறது. நம் பாத்தியில் மண்வெட்டியால் வெட்டுப்படுவதும் அந்தத் தாய்தான் என்பதை நினைத்தால் மனம் வலிக்கிறது. இது யாரையும் கடித்துக் கொன்றதில்லை. நஞ்சுப் பல் இல்லை. தோலின் சளிதான் அதன் காப்பு.

ஈரூடகவாழி என்றால் நீரிலும் நிலத்திலுமாக இரண்டு வாழ்க்கை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பொகவந்தலாவைக்கு மேலே சிவனொளிபாதமலைக் காட்டில் அந்த வரையறை உடைகிறது. அங்குள்ள புதர்த்தவளைகளுக்கு வாற்பேத்தைப் பருவமே இல்லை. முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வரும். 1853ல் கெலார்ட் விவரித்த பிறகு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், அழிந்தது என்று எண்ணப்பட்ட நட்சத்திரப் புள்ளிப் புதர்த்தவளை 2009ல் அந்தக் காட்டில் மீண்டும் கிடைத்தது. அதே காட்டிலிருந்து எட்டுப் புதிய புதர்த்தவளை இனங்களை 2013ல் ஒரே கட்டுரையில் விவரித்தார்கள். தண்ணீர் வாழ்க்கையைக் கைவிட்டும் அவை ஈரூடகவாழிகளே, கால்களைக் கைவிட்டும் சிசிலியன் நாலுகால் வம்சமே. குணம் மாறலாம், வம்சம் மாறாது. வகைப்பாடு இன்று பற்றி நிற்பது வம்சத்தை.

அதே மண்ணில் இன்னொன்று. பென்சில் பருமன், பளபளக்கும் வழுவழுப்பான செதில், கூரான மூக்கு. வால் மட்டும் வெட்டிவிட்டதுபோல் மழுங்கி, நுனியில் சொரசொரப்பான கேடயம். கேடயவால் பாம்பு, சாதி ரைனோஃபிஸ். இந்தக் குடும்பம் தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் எங்கும் இல்லை. மண்ணுக்குள் போகும்போது வாலின் கேடயத்தில் மண் ஒட்டிப் பின்வழியை அடைத்துவிடும். 1978ல் கார்ல் கான்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளரும் அவர் கூட்டாளிகளும் இதன் தசைகளை ஆராய்ந்து ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். உடலின் முன்பகுதித் தசை, ஒட்சிசனைத் தேக்கும் மயோகுளோபின் நிறைந்து சிவந்து கிடக்கிறது. பின்பகுதித் தசை வெளிறியிருக்கிறது. பதுளைக்குப் போகும் ரயிலில் எஞ்சின் முன்னால் இருந்து பெட்டிகளை இழுப்பதுபோல, தலைப்பக்கம் மட்டும் மண்ணைத் துளைக்கும் வேலையைச் செய்து மீதி உடலை இழுத்துக்கொண்டு போகிறது. கட்டுரைத் தலைப்பிலேயே அவர்கள் சரக்கு ரயிலைத்தான் சொன்னார்கள். இந்தப் பாம்பு முட்டையிடாது, குட்டி போடும். நஞ்சு இல்லை.

காலில்லாத அரணைகளும் உண்டு. நெசியா என்ற சாதி இலங்கையில் மட்டுமே வாழ்கிறது. அதன் இனங்களை வரிசையாக வைத்தால் கால் தேய்ந்து போவதைப் படிப்படியாகப் பார்க்கலாம்: சிலவற்றுக்குச் சிறு விரல்களோடு நான்கு கால், சிலவற்றுக்கு வெறும் குச்சி, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. பாம்பிலிருந்து அதைப் பிரிப்பது கண்ணிமையும், பிடித்தால் கழன்றுவிடும் வாலும். ஊர்வனவற்றில் இப்படிக் கால் இழந்த வம்சங்கள் ஒன்றல்ல இரண்டல்ல, இருபதுக்கும் மேல். மண்ணுக்குள் வாழ நினைத்த ஒவ்வொரு வம்சமும் கையையும் காலையும் சுருக்கி, உடலை நீட்டி, மீண்டும் அந்தப் பழைய புழு வடிவத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. குருட்டுப் புழுப்பாம்பும் அப்படித்தான். பூச்சட்டி மண்ணில் கறுப்பு நூலாக நெளியும் இண்டோடிஃப்லோப்ஸ், ஆணே இல்லாமல் பெண் மட்டுமே பெருகும் பாம்பு. பூச்சட்டிகளோடு கப்பலேறி உலகம் முழுவதும் போய்விட்டது.

சிசிலியனையும் கேடயவாலையும் மண்புழுவிலிருந்து பிரிக்கும் ஆழமான வேறுபாடு முதுகில் இருக்கிறது. மண்புழுவின் முதுகில் தெரியும் கருங்கோடு இரத்தக் குழாய். நரம்பு வயிற்றுப் பக்கம் ஓடுகிறது. சிசிலியனுக்கு நரம்பு முதுகுப் பக்கம், முள்ளந்தண்டுக்குள். இதயம் வயிற்றுப் பக்கம். கோடேற்றா கணம் முழுவதும் இப்படித்தான், நாமும்தான். 1822லேயே ஜோஃப்ருவா செந்திலேர் என்ற பிரெஞ்சுக்காரர், இறாலைத் தலைகீழாகத் திருப்பினால் நம் உடல் வரிசை வருகிறது என்று சொல்லிப் பலரின் கேலிக்கு ஆளானார். 1990களில், கருவில் முதுகையும் வயிற்றையும் நிர்ணயிக்கும் மரபணுக்கள் பூச்சியிலும் தவளையிலும் ஒன்றே என்றும், அவை வேலை செய்யும் பக்கம்தான் இடம் மாறியிருக்கிறது என்றும் தெரியவந்தது. அந்த மனிதர் சொன்னதில் உண்மை இருந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தேயிலைக்குள் நஞ்சுள்ள குட்டை விரியனும் உண்டு. மூக்கு நுனி மேலே தூக்கி, தலை முக்கோணமாக, உடல் தடித்து, சருகில் சுருண்டு கிடக்கும். தெரியாத எதையும் கையால் எடுக்க வேண்டாம். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து வருகிற, கழுத்தும் தலையும் ஒரே பருமனான, பளபளப்பான உருவம் அந்த விரியன் அல்ல. ஒரு குச்சியால் ஓரமாகத் தள்ளிவிட்டால் தானாகவே மண்ணுக்குள் போய்விடும்.

பைப்பாலியம் தின்பது மண்புழு. சிசிலியனின் இரையிலும் கேடயவாலின் இரையிலும் மண்புழுவே முக்கியம். இரண்டு கணங்களைச் சேர்ந்த மூன்று வேட்டைக்காரர்கள் ஒரே மண்ணில் ஒரே இரையைத் தேடுகிறார்கள். கவ்வாத்து வெட்டிய குச்சியும் இலையும் மலையிலேயே கிடந்து மக்கினால் மண்புழு பெருகும். விறகுக்காக எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன மலையில், மழை மேல்மண்ணைக் கழுவிக் கானில் இறக்கிய மலையில், முள்ளுக் குத்தினால் செம்மண் கட்டிதான் வருகிறது.